பட்டியலில் இல்லாத பின்வாசல்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு மின்கம்பி தொய்ந்து, லாரியின் தார்ப்பாயை உரசும் உயரத்துக்கு இறங்கிவிட்டது. தெருமுனையிலேயே மின்சார அலுவலகம். முப்பத்தாறு வருடம் நான் சம்பளம் வாங்கிய இலாகா. புகார் சொல்லப் போனேன். எனக்கு முன்னால் பதினேழு பேர் நின்றார்கள். என் முறை வந்ததும் அங்கிருந்த பெண், கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, எண் விழாமல் புகாரைப் பதிய முடியாது என்றார். வெள்ளைத் தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். தாளை வாங்க உத்தரவு இல்லையாம்.

அந்த அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கம்பி தெரிகிறது. பெஞ்சில் மூன்று லைன்மேன்கள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னிடம், "பாத்துக்கிட்டேதான் இருக்கோம் ஐயா. நம்பர் விழுந்தா எந்திரிச்சிருவோம்" என்றார். நான் நின்ற இரண்டு மணி பத்து நிமிடத்தில் அந்தக் கம்பிக்குக் கீழே பத்தொன்பது லாரிகள் போயின.

உள்ளிருந்து வந்த இளம் பொறியாளர் என் பழைய உத்தியோகத்தை விசாரித்துவிட்டு, பயிற்சி மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுத வேண்டுமாம். நாங்கள் சமாளிக்கவில்லை, வேலை பார்த்தோம். அது இல்லாத காலம் என்பதும் பாதிதான் சரி. எழுபதுகளிலேயே கம்ப்யூட்டர் எங்கள் பிரிவுக்கு வந்துவிட்டது. அதன் முகத்தை நான் பார்த்ததில்லை. அது அனுப்பிய காகிதத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதம் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். மலரில் போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

நான் ஆசாரி வீட்டுப் பிள்ளை. எங்கள் அப்பா நிலைக்கதவு இழைத்தார், நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அறுபதுகளின் தொடக்கத்தில் இலாகாவில் சேர்ந்தேன். முதல் ஒன்றரை வருடம் குழி தோண்டினேன். அடுத்த மூன்று வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கம்பங்கள் ஏறினேன். பிறகு லைன் இன்ஸ்பெக்டர் ஆனேன். பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான்.

எங்கள் பிரிவுக்கு அப்போது சூப்பர்வைசராக இருந்தவர் சபாபதி. சிவகங்கைக்காரர். குரலை உயர்த்த மாட்டார். நாம் எதைச் சொன்னாலும் தலையைத் தூக்காமல், "ஒனக்கு யாரு சொன்னா?" என்பார். நானே பார்த்தேன் என்றால், "எங்குட்டு நின்னு பாத்தே?" என்பார். இரண்டுக்கும் பதில் இல்லாமல் அவர் மேஜைப் பக்கம் யாரும் போவதில்லை. அவர் பெருமை பாட நான் இதை எழுதவில்லை. லீவு கேட்டால் முகம் சுளிப்பார். எட்டு வருடத்தில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தது இரண்டு முறை. அதில் ஒன்று ஆறிப்போயிருந்தது.

அவர் என்னிடம் வாங்கிய வேலைகளில் பெரியது வாசல் நோட்டு. எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பில் நுழைந்து, வளவு என்கிற முற்றத்தைக் கடந்து, கட்டுக் கட்டாகப் போய், அடுப்படி வழியாக வெளியே வந்தால் வேறு தெருவில் நிற்போம். ஊருக்கு மின்சாரம் வந்தபோது முகப்புக்கு முன்தெருவிலிருந்து கரண்டு கொடுத்தார்கள். சில வருடம் கழித்து அடுப்படிக்கும் கேட்டார்கள். அவ்வளவு நீளம் உள்ளே வயர் இழுப்பதைவிடப் பின்தெருவிலிருந்து தனி இணைப்பு கொடுப்பது எளிது. ஆக வீடு ஒன்று, சொந்தக்காரர் ஒருவர், கதவு எண் ஒன்று. இணைப்பு இரண்டு, டிரான்ஸ்பார்மரும் இரண்டு. முன்தெருவில் கரண்டை நிறுத்தினாலும் அடுப்படியில் விளக்கு எரியும். இரண்டுக்கும் நடுவே யாராவது ஒரு துண்டு வயரைச் செருகிவிட்டால், நிறுத்திய தெருவுக்கு வீட்டுக்குள்ளிருந்தே கரண்டு வந்துவிடும்.

சபாபதி என்னை ஒவ்வொரு வீட்டிலும் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளிவரச் சொன்னார். நூற்று நாற்பத்தாறு வீடுகள். பதினோரு வாரம் நடந்தேன். பூட்டிய வீடுகளுக்கு வாட்ச்மேனைத் தேடிப் பிடிக்கவே பாதிப் பொழுது போனது. எண்பத்து மூன்று வீடுகளில் இரட்டை இணைப்பு இருந்தது. ஏழு நோட்டுகளில் எழுதினேன். இரட்டை வாசல் வீடுகளைச் சிவப்பு மையில் எழுதினேன்.

அதன் பிறகு எந்தத் தெருவில் வேலை என்றாலும் முதலில் நோட்டைத் திறக்க வேண்டும். அந்தத் தெருவுக்கு எந்தெந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து கரண்டு வரக்கூடும் என்று பார்த்து, அத்தனையையும் லைன் கிளியர் என்கிற அனுமதித் தாளில் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் துணிப்பையில் போட்டு, கம்பம் ஏறப்போகிறவர் கழுத்தில் மாட்ட வேண்டும். அவர் இறங்கிவந்து பையைக் கழற்றித் தரும்வரை வேறு யாராலும் கரண்டு விட முடியாது. பிறகு எர்த் சங்கிலி. ஒரு முனையைத் தரையில் அடித்த இரும்புக் கம்பியில் கட்டி, மறுமுனையை மூங்கில் கொம்பால் மின்கம்பிகள் மேல் போடுவோம். எந்த வழியிலாவது கரண்டு திருட்டுத்தனமாக வந்தால் சங்கிலி வழியாகத் தரைக்குப் போய்விடும்; மேலே இருப்பவர் பிழைப்பார். எல்லாவற்றுக்கும் இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அந்த இருபத்திரண்டு நிமிடத்துக்காக எங்களை ஆமை என்று ஊரில் பேசினார்கள். சபாபதி காலத்தில் கம்பத்திலிருந்து ஒருவரைக்கூடத் தூக்கி இறக்கவில்லை.

எழுபதுகளில் அவர் ஓய்வுபெற்றார். அவர் இடத்துக்கு மெட்ராஸிலிருந்து வரதன் என்ற இளைஞர் வந்தார். கூடவே படிவங்களும் வந்தன. தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்களாம். இணைப்புகளையெல்லாம் அதற்குச் சொல்லிவிட்டால், பிறகு எல்லாவற்றையும் அதுவே நமக்குச் சொல்லுமாம். ஓர் இணைப்புக்கு ஒரு வரி. ஒரு வரிக்கு எண்பது கட்டம். பெயருக்கு இத்தனை, கதவு எண்ணுக்கு நான்கு, டிரான்ஸ்பார்மருக்கு இரண்டு. பின்வாசல் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. கேட்டேன். மெட்ராஸில் வீட்டுக்கு ஒரு வாசல்தான் என்றார்கள். கட்டத்துக்காக வீட்டை இடிக்கச் சொல்லாமல் விட்டார்களே என்று இருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. இரண்டு ஓரமும் துளை போட்ட நீளக் காகிதம், மடிப்பு மடிப்பாக. வரதன் அதை மேஜையில் விரித்துத் தடவிப் பார்த்தார். யாரோ முதல் பக்கத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அந்தப் பொட்டுக்கு அடியில் மூன்று இணைப்பு எண்கள் மறைந்துபோயின. அதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை.

நான் வரிகளை எண்ணினேன். நாங்கள் எழுதி அனுப்பியதைவிட எண்பத்து மூன்று குறைந்தது. ஒரே பெயர், ஒரே கதவு எண்ணில் இரண்டு வரி வந்தால் அது தவறுதலாக இரண்டு முறை எழுதியது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டது. எண்பத்து மூன்று வீடுகளின் பின்வாசல்களும் ஒரே நாளில் இல்லாமல் போயின. அவற்றுக்குப் பில் வருவதும் நின்றது. வராத பில்லைக் கேட்டு யாரும் அலுவலகத்துக்கு வருவதில்லை.

மூன்று கடிதம் எழுதினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்தது: மேற்படி இணைப்புகள் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாத இணைப்புகள் குறித்துக் கடிதப் போக்குவரத்து வேண்டாம். படித்தவர்கள் எழுதிய பதில் அது. நான் அதை வரதனிடம் காட்டினேன். அவர் எல்லோர் முன்னாலும், "ஆறுமுகம், மெஷின் ஒரு நிமிஷத்தில் எண்ணினதை நீங்க ஒரு நாள் பூரா உட்கார்ந்து எண்ணித் தப்புன்னு சொல்றீங்க. கேக்கிறவன் யாரைப் பார்த்துச் சிரிப்பான்?" என்றார். ஒன்பது பேர் சிரித்தார்கள்.

பிறகு ஒரே அலுவலகத்தில் இரண்டு பதிவு கூடாது என்று உத்தரவு வந்தது. ஏழு நோட்டுகளும் பழைய காகிதத்தோடு எடைக்குப் போயின. ஒப்படைத்த தாளில் இருக்கிற கையெழுத்து என்னுடையது. வேலைக்குப் போகும்போது நிறுத்த வேண்டிய டிரான்ஸ்பார்மர் எது என்று பட்டியலிலிருந்து எழுதிக் கொடுத்தார்கள். பட்டியலே சொல்லும்போது சங்கிலி எதற்கு என்று, நான்காக இருந்த சங்கிலிகளில் மூன்றை ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பினார்கள். வேலை இருபத்திரண்டு நிமிடத்திலிருந்து ஆறு நிமிடத்துக்கு வந்தது. வரதனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அந்த வருடம் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பெரிய வீட்டுக் கல்யாணம். வாசலில் பந்தல் போட உயரம் போதவில்லை. தெருக்கம்பியை ஏற்றிக் கட்ட வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. நானும் லைன்மேன் காதர் மைதீனும் இரண்டு உதவியாளர்களும் போனோம். காதர் அமராவதிபுதூரிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருகிறவர். முப்பத்தொரு வயது, இரண்டு பெண் குழந்தைகள். வேலை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தமாக ஓடும்.

பட்டியல்படி அந்தத் தெருவுக்கு ஒரே டிரான்ஸ்பார்மர். பத்து நாற்பதுக்கு அதை நிறுத்தினோம். பியூஸ் கட்டைகள் காதர் கழுத்தில் மாட்டிய பையில் இருந்தன. மிச்சமிருந்த ஒரே சங்கிலி வேறு ஊருக்குப் போன குழுவிடம் இருந்தது.

காதர் கம்பத்தடியில் நின்று, "சங்கிலி வரலையாண்ணே?" என்று கேட்டார்.

வரவில்லை என்றேன்.

"வர்ற வரைக்கும் ஒக்காருவோமா?"

அந்தக் கேள்விக்கு என் பதிலை நான் இன்று வரை மாற்றிச் சொன்னதில்லை. கல்யாண வீட்டார் இரண்டு முறை வந்து அவசரப்படுத்தியிருந்தார்கள். ஒன்பது பேர் சிரித்தது காதில் இருந்தது. மறுபடி ஒரு முறை ஆமை என்று பெயர் வாங்க எனக்கு மனமில்லை. மூன்று கடிதம் எழுதிய நான்தான் சொன்னேன்: "லிஸ்ட்ல ஒண்ணுதான் போட்டிருக்கு காதர். கட்டை ஒங்கிட்ட இருக்குல்ல. ஏறு."

"கம்ப்யூட்டரே சொன்னதுக்கப்புறம் என்ன இருக்கு" என்று காதர் இடுப்புக் கயிற்றைக் கம்பத்தைச் சுற்றி மாட்டினார். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம் பிள்ளைகள அதுகிட்டயே கொண்டுபோய் விட்ருங்க. சோறு போடட்டும்."

ஏறிவிட்டார். நான் கீழே நின்று நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது நிமிடம் எதிர்வீட்டு ஆச்சி வாசலுக்கு வந்தார். அந்தத் தெருவில் பதினான்கு வீடு. பதினொன்று பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த மூன்றில் அவர் வீடு ஒன்று.

"என்ன ஆறுமுகம், அதுக்குள்ள முடிச்சுட்டீகளா? கரண்டு வந்து வீட்டுல காத்தாடி சுத்துதே" என்றார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். காதரின் வலது கை கம்பியில் இருந்தது. எடுக்க முடியாமல் இருந்தது.

நடந்தது இதுதான். தெருவில் கரண்டு நின்றதும், கல்யாண வீட்டு வயர்மேன் முகப்பில் சீரியல் விளக்கு சோதிப்பதற்காக அடுப்படி இணைப்பிலிருந்து ஒரு வயரை இழுத்து முகப்புப் பலகையில் செருகியிருக்கிறார். முகப்பு மெயின் சுவிட்சை அவர் அணைக்கவில்லை. பின்தெருக் கரண்டு வீட்டுக்குள் புகுந்து முன்தெருக் கம்பிக்கு வந்துவிட்டது. தெருவில் எல்லா வீடும் திறந்திருந்தால் அத்தனை பாரம் தாங்காமல் அடுப்படி பியூஸ் எரிந்துபோயிருக்கும். பூட்டிய வீடுகள் என்பதால் தெருவுக்கே சிரமமில்லாமல் பாய்ந்தது.

எனக்குத் தெருவில் செய்ய எதுவும் இல்லை. முகப்பில் சீரியல் விளக்கு எரிந்த கல்யாண வீட்டுக்குள் ஓடினேன். முகப்பு, வளவு, காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள், அடுக்கி வைத்த பாத்திரங்கள். எதிரே வந்தவர்களெல்லாம் எங்கே ஓடுகிறீர்கள் என்று கத்தினார்கள். அடுப்படிச் சுவரில் மெயின் பலகை இருந்தது. நான் அதன் சுவிட்சை இழுத்தேன். இழுத்த பிறகுதான் பலகையின் மேல் கறுப்புப் பெயிண்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தேன். என் எழுத்து. பத்து வருடத்துக்கு முன் நானே அங்கே நின்று எழுதியது. நோட்டில் இருக்கிறதே என்று மனதில் வைக்காமல் விட்டேன். நோட்டு போன பிறகு பட்டியல் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். அந்த வீடு எத்தனை அடி நீளம் என்றுகூட ஒரு காலத்தில் எனக்குத் தெரியும். அன்று ஓடும்போது நான் எதையும் எண்ணவில்லை.

இடுப்புக் கயிறு காதரைத் தாங்கியிருந்தது. நான்கு பேர் ஏணி வைத்து இறக்கினோம். உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்தார்கள்.

ஏழு வாரம் கழித்து விசாரணை. அதற்கு முன்தினம் வரதன் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். சங்கிலி வேண்டுமென்று காதர் கேட்கவே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் ஃபைல் ஒரே நாளில் முடிந்துவிடுமாம். எனக்கும் ஒன்றும் வராது, அவருக்கும் ஒன்றும் வராது. காதருக்கு என்ன வரும் என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். கவனக்குறைவால் கை போனவனுக்கு இலாகா வேலையும் தராது, வேறெதுவும் தராது. அது அவருக்கும் தெரியும்.

விசாரணை அதிகாரி மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். மேஜையில் ஒரு படிவம். சட்டையின் வலது கையை மடித்துக் குத்திக்கொண்டு காதர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேள்விகள் முடிந்து, விபத்துக்குக் காரணம் என்ற இடத்துக்கு வந்தார்கள். அங்கே எழுத்துக்கு இடமில்லை. ஒரே ஒரு கட்டம். ஓர் எண் போட வேண்டும். அந்தப் படிவமும் கம்ப்யூட்டருக்குத்தான் போகிறதாம். ஒன்பது காரணங்கள் அச்சடித்திருந்தார்கள். ஒன்று புயல். இரண்டு இடி. மூன்று மரம். நான்கு தொழிலாளியின் கவனக்குறைவு. ஐந்து பொதுமக்கள். ஆறு பழுதான சாமான். ஏழு மேற்பார்வையாளரின் கவனக்குறைவு. எட்டு பறவை, அணில் முதலியன. ஒன்பது இதர.

அணிலுக்கு ஒரு எண் இருந்தது. பட்டியல் தவறாக இருக்கலாம் என்பதற்கு எண் இல்லை.

நான் எண்பத்து மூன்று வரிகளைப் பற்றிச் சொன்னேன். கடிதங்களின் நகலைக் கொடுத்தேன். அதிகாரி பொறுமையாகப் படித்தார்; கெட்டவர் இல்லை. ஒன்பது போடச் சொன்னேன்.

"ஒன்பது போட்டா மெஷின் திருப்பி அனுப்பிடும். விளக்கம் கேக்கும்" என்றார்.

விளக்கம் எழுதலாமே என்றேன்.

"விளக்கத்துக்குக் கட்டம் இல்லை."

பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு, நாலா ஏழா என்று கேட்டார். வரதன் தரையைப் பார்த்தார். காதர் என்னைப் பார்த்தார்.

சங்கிலி இல்லையா என்று காதர் கேட்டார், ஏறச் சொன்னது நான், ஏழு போடுங்கள் என்றேன்.

"ஏழுன்னா உங்க பேருக்கு நேரா விழும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். ஏழு."

போட்டார். எனக்கு இரண்டு வருடம் ஊதிய உயர்வு நின்றது. காதருக்கு அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கிற வேலை கிடைத்தது. இடது கையால் எழுதப் பழகினார். வரதனுக்கு எதுவும் வரவில்லை. பட்டியலுக்கும் எதுவும் வரவில்லை. காரணம் ஏழு என்று தீர்ந்துவிட்டதால், அதைத் திருத்த வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் காதர் எனக்கு நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன். அவர் டீக்கடை வரைக்கும் கூடவே வந்தார். பிறகு, "ஏழு போட்டீக, சரி" என்றார். "அந்த எண்பத்து மூணுல இன்னும் எண்பத்து ரெண்டு அப்படியேதானே இருக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் நான் மறுபடி நடக்க ஆரம்பித்தேன். இலாகா உத்தரவு இல்லை. என் காசில் வாங்கிய நோட்டு. பூட்டிய வீடுகள் முன்னைவிட அதிகமாகியிருந்தன. சில வாட்ச்மேன்களுக்குப் பின்வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே தெரியவில்லை. ஏழு மாத ஞாயிறுகள் ஆயின. ஒவ்வொரு வீட்டையும் சிவப்பு மையில் எழுதி, தெருவாரியாகப் பிரித்து, லைன்மேன்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் கொடுத்தேன். வாங்கும்போது சிலர் சிரித்தார்கள், ஆனால் வாங்கிக்கொண்டார்கள்.

கடைசி ஞாயிறு மாலை கூட்டிப் பார்த்தேன். கல்யாண வீடு நீங்கலாக எண்பத்திரண்டு வர வேண்டும், எண்பத்தொன்று வந்தது. மறுபடி கூட்டினேன். எண்பத்தொன்றுதான். காதர் நோட்டை வாங்கி அவரும் ஒரு முறை கூட்டிப் பார்த்தார். மிச்சமிருக்கிற அந்த ஒரு வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.